வெட்டிய புல்லை என் செய்வது?



உலகத்துப் பெரிய வினாக்கள் பல விடை காணப்படாமற் கிடக்க, வெட்டிய புல்லை வாரி அகற்றுவதா, வெட்டிய இடத்திலேயே விட்டுவிடுவதா என்று பேசுவதற்கு ஒருவர் வானொலிக்கு வந்திருக்கின்றாரே என உங்களிற் சிலர் நகைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் நகைத்திருப்பேன். ஆயினும், ஒரு பாடசாலையின் விளையாட்டு மைதானத்தை எட்டு ஆண்டுகளாக என் கட்டளையினாலேயே கெடுத்து, பின்னர் அதனைத் திருத்த முயன்றுகொண்டிருப்பவன் என்ற முறையில், இவ்வினா அத்துணைச் சிறியதன்று என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. நான் கமத்தொழில் கற்றவன் அல்லன். வரலாறும் தமிழும் பயின்ற கலைப்பட்டதாரி. ஆகவே, இன்று சொல்லப்போவனவற்றுள் நூல்களிற் கற்றது பாதி. மைதானத்திற் கற்றது பாதி.

எங்கள் பாடசாலை வலிகாமத்துச் செம்மண்ணிலே அமைந்தது. அதன் மைதானம் பெரும்பாலும் அறுகம்புல். முன்னாளில் அதற்கு மதில் இல்லை. வேலியும் பாதி இடங்களில் இல்லை. அயலாரின் மாடுகளும் ஆடுகளும் காலையில் வந்து மேய்ந்து, வெயில் ஏறியதும் போய்விடும். மாணவர்கள் சாணத்தை மிதித்துவிட்டு முறையிடுவார்கள். நாங்கள் எல்லோரும் மதில் வேண்டுமென்று ஏங்கினோம். மதிலும் வந்தது. அதன்பின், 2013 ஆம் ஆண்டில், வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் சேர்ந்து புல் வெட்டும் இயந்திரம் ஒன்றை அன்பளிப்புச் செய்தார்கள். பெற்றோலில் இயங்குவது; அடியிலே சுழலும் கத்தி; பின்புறத்தில் வெட்டிய புல் வந்து நிறையும் ஒரு பெரிய பை. அந்தப் பையைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சியை இன்று நினைத்தால் நாணமாக இருக்கின்றது.

முதல் நாள் பை நிறைந்ததும் எங்கள் சிற்றூழியர், "ஐயா, இதை எங்கை கொட்டுறது?" என்று கேட்டார். மைதானத்தின் வடமேற்கு மூலையைக் காட்டினேன். அன்று தொடங்கி எட்டு ஆண்டுகள், பை தப்பவிட்டதையும் விறாண்டியாற் கூட்டி அள்ளி, அந்த மூலையிற் குவித்து, உலர்ந்ததும் எரித்துவந்தோம். மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகள் மைதானம் துடைத்துவைத்தாற்போல் இருக்கிறதென்று பாராட்டினார்கள். துப்புரவு என்பது பாடசாலைக்கு இன்றியமையாதது; டெங்கு நுளம்பும் பாம்பும் குடிகொள்ளாதிருக்க வேண்டுமே. ஆனால், வெட்டிய புல்லும் குப்பையும் ஒன்றென்று எண்ணியதில்தான் தவறு இருந்தது.

ஆண்டுகள் செல்லச்செல்ல மைதானத்தின் முகம் மாறியது. முதலில் நிறம் வெளிறியது. பின்பு ஆங்காங்கே செம்மண் திட்டுக்கள் தோன்றின. மாரி முடிந்து இரண்டு மாதங்களுக்குள் நிலம் சீமெந்துத் தரைபோல இறுகிவிடும். யூரியா வாங்கித் தூவினோம், சில கிழமைகள் பச்சை திரும்பும், மீண்டும் வெளிறும். ஒருநாள் ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்தான். புற்றரையில் விழுந்திருந்தால் முறிந்திராது என்று நான் உறுதிகூற முடியாது. எனினும், அவன் விழுந்த இடத்திற் புல் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இத்தனைக்கும், புல்லைக் கொட்டி எரித்த அந்த மூலையிலே, சாம்பல் மேட்டைச் சுற்றிக் குப்பைமேனியும் கீரையும் முழங்காலளவு செழித்து நின்றன. மைதானத்தின் வளம் எங்கே போகின்றதென்று அந்த மூலை ஆண்டுதோறும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

கேட்கச் செய்தது 2021 ஆம் ஆண்டு. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நம் நாட்டில் தடைசெய்யப்பட்டதையும், நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதையும், நீக்கப்பட்ட பின்பும் விலை பன்மடங்காகி நின்றதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நெல் விதைத்தவனுக்கே யூரியா இல்லாதபோது விளையாட்டு மைதானத்துக்கு யார் தருவார்? அந்நாட்களில் ஒருநாள், புல் எரிந்துகொண்டிருந்த புகையினூடே, மதிலுக்கு அப்பால் வாழும் ஆச்சி ஒருவர் படலையடியில் வந்து நின்றார். ஒரேயொரு பசுவை வைத்துப் பால் விற்றுச் சீவிப்பவர். "தம்பி, மாட்டுக்கும் இல்லை, மண்ணுக்கும் இல்லை; நெருப்புக்கெல்லோ குடுக்கிறியள்" என்றார். வேறொன்றும் சொல்லாமற் போய்விட்டார். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை என்று சொன்னால் அது மிகைதான். ஆனால், அடுத்த நாள் புத்தகங்களைத் தேடத் தொடங்கினேன்.

வெட்டிய பசும்புல்லில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். நீர் வற்றிய பின் எஞ்சும் உலர்ந்த பொருளிலே, நன்றாகப் பராமரிக்கப்பட்ட புல்லாயின், நூற்றுக்கு 4 பங்கு வரையில் நைதரசன். நூற்றுக்கு 2 பங்கு அளவிலோ அதற்கு மேலோ பொற்றாசியம். அரைப் பங்களவு பொசுபரசு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ பசும்புல் உலர்ந்தால் 20 கிலோ. அதில் நைதரசன் 0.8 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் ஆகையால், இது ஏறத்தாழ ஒன்றேமுக்காற் கிலோ யூரியாவுக்குச் சமம். ஒவ்வொரு முறையும் 100 கிலோ புல்லை மூலையிற் கொட்டும்போதும் ஒன்றேமுக்காற் கிலோ யூரியாவை மதிலுக்கு வெளியே எறிந்தோம் என்பது இதன் பொருள். எரித்தபோது அந்த நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போய்விட்டது. சாம்பலில் எஞ்சியது பொற்றாசியமும் பொசுபரசுமே. அவற்றைக் குப்பைமேனி உண்டது.

அமெரிக்காவின் கனெற்றிகற் பல்கலைக்கழக ஆய்வாளர் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, வெட்டிய புல்லைத் தரையிலேயே விட்டுவந்தால், இடும் நைதரசன் பசளையை அரைவாசியோ அதற்கு மேலோ குறைத்தாலும் புற்றரையின் தரம் குறையாது என்று கண்டது. அது குளிர்நாட்டுப் புல். நம் மண்ணுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும், அள்ளிக்கொண்டு போவது எந்த நாட்டிலும் அள்ளிக்கொண்டு போவதுதான்.

இதற்கு மிகப் பழைய சான்று இங்கிலாந்திலே உண்டு. ஹேட்போட்சயரிலுள்ள றொதாம்ஸ்ரெட் என்னும் ஆராய்ச்சி நிலையத்திலே, லோஸ், கில்பேட் என்னும் இருவர் 1856 ஆம் ஆண்டில் ஒரு புல்வெளியைத் துண்டங்களாகப் பிரித்துச் சோதனை தொடங்கினர். அச்சோதனை இன்றும் நடைபெறுகின்றது. ஆண்டுதோறும் புல்லை வெட்டி வைக்கோலாக்கி எடுத்துவிடுவர். சில துண்டங்களுக்குப் பசளை இடுவர். சிலவற்றுக்கு 1856 தொடக்கம் ஒன்றுமே இட்டதில்லை. ஒன்றும் இடாமல் வெட்டி எடுத்துக்கொண்டேயிருந்த துண்டங்களில் விளைவு மிகக் குறைவு. ஆனால் வியப்பு என்னவெனில், அவ்வேழைத் துண்டங்களிலேதான் பூக்கும் பூண்டு வகைகள் மிகுதி; நைதரசன் மிகுதியாகப் பெற்ற துண்டங்களிற் சில புல்லினங்களே ஆதிக்கம் செலுத்துகின்றன. ஆதலால், காட்டுப்பூக்கள் நிறைந்த பசும்வெளி வேண்டுமென்று விரும்பும் ஆங்கிலேயர், வெட்டிய புல்லை வேண்டுமென்றே அள்ளி அகற்றி நிலத்தை மெலியச் செய்கின்றனர். பூ வேண்டுவோருக்கு அது சரியான வழி. பிள்ளைகள் ஓடியாடும் அடர்ந்த புல் வேண்டுவோருக்கு அது தவறான வழி. நான் எட்டு ஆண்டுகளாக, அறியாமலே, பூந்தோட்டக்காரனின் வேலையைச் செய்துகொண்டிருந்தேன், பூவும் பூக்கவில்லை.

நம்மவர்க்கு இஃது ஒன்றும் புதிதன்று. தோட்டத் தறைகளிலே பூவரசங் குழையையும் பனையோலையையும் தாழ்த்தியவர்கள் நம் முன்னோர். அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் அடைத்தவர்கள் அவர்கள். வெப்பம் மிகுந்த நம் மண்ணிற் சேதனப் பொருள் விரைவில் உக்கிப் போய்விடும். இட்டுக்கொண்டே இருந்தாலன்றி நில்லாது என்பதை எந்த நூலையும் படியாமலே அவர்கள் அறிந்திருந்தனர். மதில் இல்லாத காலத்து எங்கள் மைதானமும் அவ்வாறே பிழைத்தது. மாடு தின்றதில் ஒரு பகுதியைச் சாணமாகத் திருப்பித் தந்தது. மதிலைக் கட்டி மாட்டை வெளியே நிறுத்தினோம். பையைக் கட்டிப் புல்லையும் வெளியே அனுப்பினோம். எடுப்பது மட்டும் எஞ்சியது, கொடுப்பது நின்றது.

அப்படியாயின் அந்தப் பை ஏன் வந்தது? புல் வெட்டும் இயந்திரத்துக்கு முதன்முதல் உரிமம் பெற்றவர் எட்வின் பட்டிங் என்னும் ஆங்கிலேயர், ஆண்டு 1830, ஊர் ஸ்ரவுட். கம்பளித் துணியின் மேற்பரப்பிலுள்ள மயிரைச் சமமாக வெட்டும் ஆலை இயந்திரத்தைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பர். அவரது இயந்திரத்திலேயே வெட்டிய புல்லை ஏந்தும் தட்டு இருந்தது. துணியில் மயிர்த்துண்டு ஒட்டிக்கொண்டிருத்தல் குறைதானே. தரையையும் துணியாகவே பார்த்திருக்கின்றார்கள். செல்வர் மாளிகைகளின் முன்றிலில் பந்து உருட்டி விளையாடுவதற்கு அவ்வழுத்தம் தேவையாகவும் இருந்திருக்கலாம். நமது அரசாங்கப் பாடசாலை மைதானம் அத்தகையதன்று.

வெட்டிய புல்லை விட்டால் தரைக்கும் புல்லுக்கும் இடையே மெத்தைபோல ஒரு படலம் உருவாகிப் புல்லை மூச்சுத்திணறச் செய்யும் என்று அஞ்சுவோர் பலர். எங்கள் விளையாட்டுத்துறை ஆசிரியரும் இதனைச் சொன்னார். அப்படியொரு படலம் உண்டு என்பது மெய். அறுகில் அது எளிதாக உண்டாகும் என்பதும் மெய். ஆனால், அது இலை நுனிகளால் ஆவதன்று. நிலத்தில் ஓடும் தண்டுகளும் வேர்களும் உக்குவதற்குக் கடினமான நார்ப்பொருள் மிகுந்தவை. அவை உக்கும் வேகத்தைவிட வளரும் வேகம் மிகும்போதே அப்படலம் தடிக்கின்றது. பசளையை அள்ளிக் கொட்டினாலும் அது நேரும். இலைநுனியோ மென்மையானது. ஈரமும் வெப்பமும் உள்ள காலத்தில் ஒன்றிரண்டு கிழமைகளில் நுண்ணுயிர்கள் அதனை மண்ணோடு மண்ணாக்கிவிடும். மண்புழுவும் துணைசெய்யும். சார்ள்ஸ் டார்வின் 1881 ஆம் ஆண்டில் மண்புழுவைப் பற்றியே ஒரு தனிநூல் எழுதினார். உதிர்ந்த இலையை அது வளைக்குள் இழுத்துச் செல்வதைப் பொறுமையோடு கவனித்து எழுதியிருக்கின்றார். எங்கள் மைதானத்தில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு வெட்டிப் பார்த்தேன். ஒரு புழுவும் இல்லை. உண்ண ஒன்றும் இல்லாத வீட்டில் யார் குடியிருப்பார்?

இவற்றையெல்லாம் படித்த உற்சாகத்தில், 2021 இன் மாரியிலே, பையைக் கழற்றிவிடும்படி கட்டளையிட்டேன். அங்கே மற்றொரு தவறு செய்தேன். மார்கழி விடுமுறையில் மழை கொட்டிற்று. புல் முழங்காலுக்கு வளர்ந்தது. பாடசாலை தொடங்கும் முன் அவசர அவசரமாக, ஈரத்தோடு, அடிவரை வெட்டி, அப்படியே விட்டுவிட்டோம். வெட்டிய புல் கற்றைகற்றையாகத் திரண்டு பாய்போலப் படிந்தது. நான்காம் நாள் அதனைத் தூக்கிப் பார்த்தபோது, கீழே இருந்த புல் மஞ்சளாகி அழுகல் நாற்றம் வீசியது. பாய் கிடந்த இடமெல்லாம் புதிய திட்டுக்கள். விளையாட்டுத்துறை ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. அள்ளுவதா விடுவதா என்பது விறாண்டியைக் கையில் எடுத்த பின்பு தீர்மானிக்கும் காரியம் அன்று. இயந்திரத்தை எந்த நாளில் வெளியே எடுக்கின்றோம் என்பதிலேயே அது தீர்ந்துவிடுகின்றது. புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்டலாகாது என்பது இத்துறை அறிந்தோர் யாவரும் ஒப்பும் விதி. இரண்டு அங்குல உயரத்தில் வைத்திருக்க விரும்பினால், மூன்று அங்குலம் ஆகும்போதே வெட்டவேண்டும். அவ்வாறு வெட்டினால் விழுவது ஓரங்குல நுனி. அது புல்லின் இடையே நழுவிக் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். அதிகமாக வெட்டினால் இலையை இழந்த புல்லின் வேரும் தளர்கின்றது. விழுந்த சுமையும் அதனை அமுக்குகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், மழை விட்ட நாட்களிற் புல் உலர்ந்திருக்கும்போது, கிழமைக்கு ஒருமுறையேனும் இயந்திரம் ஓடவேண்டும். கோடையிலோ நீர் ஊற்றாத மைதானத்தில் வெட்டுவதற்கு ஒன்றும் இராது. அடிக்கடி வெட்டுவதாற் பெற்றோற் செலவு கூடும் என்பதை மறைக்கமாட்டேன். பையைச் சுமந்து கொட்டி மீளும் நேரம் மிச்சமாகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுக. பையைக் கழற்றுபவர், அது பொருந்தியிருந்த வாயை இயந்திரத்தோடு வந்த மூடியினால் மூடியபின்பே இயக்கவேண்டும்; இல்லையேல் கத்தி எறியும் கல் காலையோ கண்ணையோ பதம் பார்க்கும்.

அள்ளத்தான் வேண்டும் என்னும் சந்தர்ப்பங்களும் உண்டு. விடுமுறையால் நீண்டு வளர்ந்த புல்லை முன்னரே சொன்னேன். கிரிக்கெற் ஆடுகளத்தின் நடுவிடத்தில் ஒரு துரும்பும் இருத்தலாகாது. நெருஞ்சி காய்த்திருந்தால், அந்த முள் வெறுங்காலோடு ஓடும் பிள்ளையின் பாதத்துக்குத்தான் போய்ச் சேரும். அதனை இயந்திரத்தால் வெட்டிப் பரப்பாமல் காய்க்குமுன் வேரோடு களைக. நம் பகுதியிற் பரவியுள்ள பாத்தீனியத்துக்கும் அதுவே விதி. பூக்குமுன் பிடுங்கவேண்டும், கைக்கு உறை அணிந்து.

அள்ளிய புல்லை எரிக்க வேண்டுவதில்லை. வாழையின் அடியிலும் தென்னையின் அடியிலும் தண்டைத் தொடாமல் மெல்லிய படையாகப் பரப்பலாம். தடிப்பாகப் போட்டால் சூடேறிப் புளிக்கும். கூட்டெருவாக்குவதாயின் பசும்புல்லை மட்டும் குவித்தல் கூடாது. அதில் நைதரசன் மிகுதி, காற்றுப் புகும் இடைவெளி குறைவு. இரண்டே நாளில் அமோனியா நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஒரு கடகம் புல்லுக்கு இரண்டு மூன்று கடகம் உலர்ந்த சருகு சேர்த்து, இடையிடையே புரட்டிவிட்டால் நன்றாக உக்கும். எங்கள் வேம்பும் மலைவேம்பும் உதிர்க்கும் சருகுக்கு இவ்வாறு ஒரு வேலை கிடைத்தது. களைநாசினி தெளித்த புல்லை மட்டும் இதிற் சேர்க்காதீர்கள். அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்திலே, 2000 ஆம் ஆண்டையொட்டி, குளோபிறலிட் என்னும் களைநாசினி புல்லோடு கூட்டெருவிற் புகுந்து, அதனை இட்ட தோட்டங்களிற் பயிரைக் கெடுத்தது.

இனி ஆச்சியின் பசுவுக்கு வருகின்றேன். இயந்திரம் வெட்டிய பொடிப்புல்லை அவருக்குக் கொடுத்துவிடலாமே என்று முதலில் எண்ணினேன். அது தகாது. பொடியாக வெட்டப்பட்ட ஈரப்புல் பையிலேயே சூடேறி விரைவிற் பழுதாகும். பொலித்தீன் துண்டும் எண்ணெய்க் கசிவும் கலந்திருக்கும். பசுவுக்கு வேண்டியது கையால் அரிந்த நீண்ட புல். மைதானத்திலிருந்து நாங்கள் அள்ளியே ஆகவேண்டியதும் அந்த நீண்ட புல்தான். இவ்விரண்டையும் பொருத்திப் பார்க்க எனக்கு ஓராண்டு சென்றது.

2022 இன் இறுதி மாரியிற் பெற்றோல் இன்னும் பங்கீட்டு முறையிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. விடுமுறைக்குள் இயந்திரத்தை வெளியே எடுக்க வழியில்லை. புல் மீண்டும் முழங்காலுக்கு வந்தது. நானே ஆச்சியின் படலைக்குச் சென்று, அரிவாளோடு வரும்படி கேட்டேன். "இப்பதான் வழிக்கு வந்திருக்கிறியள்" என்றார். அவரும் அவர் பேரனும் பத்து நாட்களாக, காலையில் வந்து, மேற்புல்லை அரிந்து கட்டிக்கொண்டு சென்றார்கள். நிலத்திலிருந்து நான்கு விரற்கடை விட்டு அரியவேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடியொட்ட அரிந்தால் அடுத்த முறை புல் வராது என்பது அவருக்குத் தெரியும். எஞ்சியதை இயந்திரம் சிறிது சிறிதாக இருமுறை வெட்டியது. நுனி விழுந்த இடத்திலேயே கிடந்தது. பாடசாலை தொடங்கிய பின், ஆச்சி எடுத்த புல்லுக்கு ஈடாக உக்கிய சாட்டெருவைக் கடகத்தில் அனுப்பிவைத்தார். நாங்கள் கேட்கவில்லை. கடன் வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அந்த எருவைச் செம்மண் திட்டுக்களிற் போட்டுப் பக்கத்து அறுகைப் பெயர்த்து நட்டோம்.

மைதானம் ஒரே ஆண்டிற் பொன்னாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பந்துக் கம்பங்களின் முன்னே இன்றும் மண்தான். அங்கே மிதிக்கும் கால்களுக்குப் புல் ஈடுகொடுக்காது. மாசி பிறந்தால் நிலம் இன்றும் இறுகத்தான் செய்கின்றது, முன்போலன்றி ஒரு மாதம் பிந்தி. மூன்றாம் மாரியில், நடுத்திட்டு ஒன்றில் மண்வெட்டியால் மறுபடியும் வெட்டிப் பார்த்தேன். ஏழு மண்புழுக்கள் இருந்தன. எண்ணுவதைக் கண்ட மாணவர்கள் அதிபருக்கு என்ன நேர்ந்துவிட்டதோ என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யூரியா வாங்குவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். வடமேற்கு மூலையில் இப்போது ஐந்து வாழைகள் நிற்கின்றன. இயந்திரத்தோடு வந்த பை நல்ல உறுதியான பை, விளையாட்டறையில் தொங்குகின்றது. கரப்பந்துகளை அதில்தான் போட்டு வைக்கின்றார்கள்.